மாடி அறைக்கு ஏழு கொட்டேஷன்

ஆடி 2, வெள்ளி

இந்த நோட்டு கூரை விவரத்துக்காக மட்டும். சொந்தக் கதை எழுதும் பழக்கம் எனக்கு இல்லை.

நேற்று மதியம் அடித்த காற்றில் மாடி அறையின் சிமெண்ட் ஷீட் இரண்டு உடைந்துவிட்டன. ஒன்றில் கை நுழைகிற அளவுக்குப் பிளவு. பாவூர்சத்திரத்தில் ஆடிக் காற்று சாதாரணமாக வராது. செங்கோட்டைக் கணவாயில் புகுந்து நேரே நம் வீட்டு முகவரி கேட்டுக்கொண்டு வரும். அம்மியே பறக்கும் என்பார்கள். அம்மி பறந்து நான் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டு வடிவக்காவின் பிளாஸ்டிக் நாற்காலி பறந்து எங்கள் முருங்கையில் மாட்டியதைப் பார்த்திருக்கிறேன்.

அறை பன்னிரண்டுக்குப் பதினான்கு. இறவாரம் சேர்த்துக் கூரை இருநூற்று இருபது சதுர அடி வரும். மறுபடி சிமெண்ட் ஷீட் வேண்டாம், உலோகத்தில் போட்டுவிடலாம் என்று முடிவு. எந்த உலோகம், எத்தனை கனம், என்ன விலை என்பதுதான் கேள்வி. பஸ் டெப்போ ஸ்டோரில் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்தவன் நான். மூன்று கொட்டேஷன் இல்லாமல் ஒரு நட்டு வாங்கியது கிடையாது. ரிட்டையர் ஆனதால் விதி மாறிவிடாது.

"சட்டுபுட்டுனு போட்டு முடிங்க. கொழலி எத்தன நாளைக்கு ஹால்ல படுப்பா?" என்றாள் என் மனைவி உலகம்மாள்.

குழலி எங்கள் ஒரே மகள். தை மாதம் கல்யாணம் முடிந்து விருதுநகர் போனாள். இப்போது தலை ஆடிக்கு வந்திருக்கிறாள். ஆடி முடிந்ததும் போய்விடுவாள். மாடி அறை வாடகைக்கு விடத்தான் என்று உலகம்மாளிடம் சொல்லிவிட்டேன்.

ஆடி 3, சனி

முதல் கடை, தென்காசி ரோட்டில். ஜி.ஐ. ஷீட், அதாவது இரும்புத் தகட்டில் துத்தநாகப் பூச்சு. சதுர அடி முப்பத்தெட்டு ரூபாய். பைப், ஸ்க்ரூ, கூலி எல்லாம் தனி. வெயிலில் அப்பளம் பொரிக்கலாம், ஏழெட்டு வருஷத்தில் துரு பிடிக்கும் என்று கடைக்காரரே சொன்னார். நேர்மையான மனிதர். நேர்மைக்காக யாரும் தகரம் வாங்குவதில்லை.

இரண்டாவது கடையில் கலர் ஷீட். உள்ளே இரும்பு, மேலே அலுமினியமும் துத்தநாகமும் கலந்த பூச்சு, அதற்கு மேல் பெயிண்ட். அரை மில்லி கனம் ஐம்பத்தைந்து ரூபாய். ஆடித் தள்ளுபடி உண்டாம். தகரத்துக்கும் ஆடித் தள்ளுபடி!

"சார், எத்தன வருசத்துக்கு வேணும்? தற்காலிகமான்னா ஜி.ஐ. போதும். நெலச்சு நிக்கணும்னா கலர் ஷீட்டு."

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

ஆடி 5, திங்கள்

வடிவக்கா காம்பவுண்டுச் சுவருக்கு மேல் தலையை நீட்டினாள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். தெருவில் எந்த வீட்டில் என்ன குழம்பு என்று வாசனையிலேயே சொல்லிவிடுவாள்.

"கொழலி தலையாடிக்கா வந்திருக்கா தம்பி?"

"ஆமாக்கா."

"நல்லது. தலையாடின்னா பெத்தவிய போயி சீரு வச்சுல்லா கூட்டிட்டு வரணும்? அவ ஆனி இருவத்திரெண்டுலயே வந்த மாதிரி இருந்துச்சு."

"மாப்பிள்ளைக்கு ஆபீஸ்ல ஆடிட்டு. அதான் கொஞ்சம் முந்தியே அனுப்பி வச்சாரு" என்றேன். பொய் சொன்னால் எனக்குக் காது சிவக்கும். நல்லவேளை தலையில் துண்டு கட்டியிருந்தேன்.

எழுதத் தொடங்கியாயிற்று, எழுதிவிடுகிறேன். ஆனி இருபத்திரண்டாம் தேதி காலை முதல் பஸ்ஸில் குழலி தனியாக வந்து இறங்கினாள். இடது கையில் இரண்டு விரலுக்குக் கட்டு. வாசலில் நின்றுகொண்டே, "நான் இனி அங்க போகலப்பா" என்றாள். அவ்வளவுதான். நான் காபி குடி என்றேன். மத்தியானம் மாப்பிள்ளை கார்த்தீசன் போன் செய்தார். காற்றில் கதவு அடித்து விரல் நசுங்கிவிட்டது, கூடவே சின்ன மனஸ்தாபம், கோபத்தில் பஸ் ஏறிவிட்டாள் என்றார். குரலில் மரியாதைக்குக் குறைவில்லை. இன்னும் பத்து நாளில் ஆடி பிறக்கப்போகிறது, புதுப்பெண் தாய் வீட்டில் இருப்பது முறைதானே என்று எனக்குத் தோன்றியது. ஆடி நல்ல மாதம். முப்பத்தோரு நாள் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம்.

குழலியிடம் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. உலகம்மாள் கேட்டாளா, தெரியாது.

ஆடி 7, புதன்

மூன்றாவது கடை. அலுமினியம். துரு என்ற பேச்சே இல்லை, சதுர அடி எண்பது. ஆனால் மெல்லியது, காக்கை அழுத்தி நடந்தால் பள்ளம் விழும் போலிருக்கிறது. எங்கள் காற்றுக்குத் தாங்குமா?

மூன்று கொட்டேஷன் ஆகிவிட்டது. விதிப்படி இன்று முடிவெடுத்திருக்க வேண்டும். மூன்றும் மூன்று வேறு பொருள், எனவே இதை ஒப்பீடு என்று சொல்ல முடியாது. ஒவ்வொன்றுக்கும் இன்னும் ஒரு கடையாவது பார்க்க வேண்டும்.

சாரல் விடாமல் தூறுகிறது. மாடி அறையில் இரண்டு வாளியும் ஒரு இட்லிக் கொப்பரையும் வைத்திருக்கிறோம்.

ஆடி 9, வெள்ளி

கடைகளில் மாதிரித் துண்டு கேட்டு வாங்கி வந்தேன். ஒவ்வொன்றும் ஒரு முழம். காலையில் வெயிலில் வைத்து அரை மணிக்கு ஒரு முறை தொட்டுப் பார்த்தேன். கலர் ஷீட் கொஞ்சம் தேவலை. அலுமினியம் அடுத்து. ஜி.ஐ.யைத் தொட்டு விரலை வாயில் வைத்துக்கொண்டேன்.

மாலையில் சத்தப் பரிசோதனை. குழலியை முற்றத்தில் முக்காலியில் உட்காரவைத்து, துண்டை அவள் தலைக்கு மேல் பிடித்துக்கொள்ளச் சொல்லி, மாடிப்படியில் நின்று பூவாளியால் தண்ணீர் ஊற்றினேன்.

"எது சத்தம் கம்மி?"

"எனக்குக் காதுக்குள்ள தண்ணி போயிட்டுப்பா."

"ரெண்டாவதா, மூணாவதா? சரியாச் சொல்லு."

"நீங்க மழ மாதிரி ஊத்தணும். குத்தாலம் மாதிரி ஊத்துனா எப்படிச் சொல்ல?"

சிரித்தாள். வந்ததிலிருந்து இன்றுதான் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்து பூவாளி கைநழுவி அவள் மடியில் விழுந்தது. அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்த உலகம்மாள், பெரிய மனுசர் செய்கிற வேலையைப் பார் என்றாள். ஒற்றைக் கையால்தான் துண்டைப் பிடித்திருந்தாள் குழலி. கட்டு அவிழ்த்தாகிவிட்டது, ஆனால் அந்த இரண்டு விரலும் இன்னும் மடங்கவில்லை. எலும்பு டாக்டரிடம் காட்டவேண்டும்.

ஆடி 10, சனி

நான்காவது கடை. கலர் ஷீட், ஐம்பத்திரண்டு. ஓடு மாதிரி வளைத்த ஷீட்டும் இருக்கிறது, பார்வைக்கு அழகு, விலைக்கு அழகில்லை.

ஆடி 12, திங்கள்

சம்பந்தி திரவியம் போன் செய்தார். "சின்னஞ்சிறுசுக. அங்கன இங்கன ஒரு சத்தம் வரத்தான் செய்யும். நாம பெரியவிய பாத்து அனுசரிச்சுப் போணும். ஊரு ஏற்கெனவே ஒரு மாதிரி கேக்கு" என்றார்.

நான், "அதுக்கென்ன, ஆவணி ஒண்ணாந் தேதி வாங்க. அனுப்பி வைக்கேன்" என்று சொல்லிவிட்டேன்.

வேறு என்ன சொல்ல? ஐம்பத்தொன்பது வயதில் தெருவில் தலை குனிந்து நடக்க முடியுமா? வாழாவெட்டி என்று ஒரு வார்த்தை இருக்கிறது. அது ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் லேசில் வெளியே போகாது. குழலி கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவளிடம் பக்குவமாகச் சொல்ல இன்னும் நாள் இருக்கிறது.

மனசு நிலைகொள்ளவில்லை. மொபெட்டை எடுத்துக்கொண்டு ஆலங்குளம் வரை போய் ஐந்தாவது கடையில் விலை கேட்டேன். அங்கும் அதே ஐம்பத்தைந்துதான். நனைந்ததுதான் மிச்சம்.

ஆடி 13, செவ்வாய்

தும்மல். கொட்டேஷன் இல்லை.

ஆடி 15, வியாழன்

செய்யது என்ற ஃபிட்டரை அழைத்துவந்து மாடியைக் காட்டினேன். முப்பது முப்பத்தைந்து வயது. பார்த்தவுடன் சுவரைத் தட்டி, கம்பியை ஆட்டி, காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று கேட்டார். ஷீட்டைப் பற்றி அவர் கேட்கவே இல்லை.

"சார், ஷீட்டு இருவது இருவத்தஞ்சு வருசம் வரும். ஸ்க்ரூவுக்கு அடியில இருக்க ரப்பர் வாசர் அஞ்சாறு வருசந்தான். எல்லாரும் ஷீட்டுக்குப் பத்து கட பாப்பாங்க, ஸ்க்ரூவ கடைசில எதையாவது வாங்கிப் போட்டுருவாங்க. ஒழுகுறது அங்கதான்."

இதைச் சொன்னவர் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது. எப்போது தொடங்கலாம் என்றார். ஆடியில் வீட்டு வேலை தொடங்கும் வழக்கமில்லை, ஆவணி பிறக்கட்டும் என்றேன். "ஒழுகுற வீட்டுக்கு ஆடி என்ன, ஆவணி என்ன சார்?" என்றார். அது அவர்களுக்கு. நமக்கு முறை இருக்கிறது.

அவர் போனபிறகு குழலியிடம், "நீலமா பச்சையா, எந்தக் கலர் நல்லாருக்கும்?" என்று கேட்டேன்.

"எதுன்னாலும் சரிப்பா. கதவுக்கு உள்தாழ்ப்பா போடுவியளா?"

கூரையின் நிறத்தைக் கேட்டால் கதவின் தாழ்ப்பாளைப் பற்றிச் சொல்கிறாள். வாடகைக்கு வருகிறவர்களுக்குத் தாழ்ப்பாள் இல்லாமலா, போடுவோம் என்றேன். சரி என்று உள்ளே போய்விட்டாள்.

ஆடி 18, ஞாயிறு

பதினெட்டாம் பெருக்கு. தலை ஆடிக்கு மாப்பிள்ளை வந்து விருந்து சாப்பிட வேண்டிய நாள். வரவில்லை. வடிவக்கா இரண்டு முறை சுவருக்கு மேல் பார்த்தாள். உலகம்மாள் சித்ரான்னங்கள் செய்தாள், மூன்று பேரும் சாப்பிட்டோம். வடிவக்கா வீட்டுக்கு ஒரு தூக்குச்சட்டி நிறையக் கொடுத்து அனுப்பினேன். வாய் அடைக்க வேறு வழி தெரியவில்லை.

ஆடி 20, செவ்வாய்

ஆறாவது கடையில் புதிய சரக்கு ஒன்று பார்த்தேன். பஃப் பேனல் என்கிறார்கள். வெளியே ஒரு தகடு, உள்ளே ஒரு தகடு, நடுவில் இரண்டங்குல நுரை. வெயிலும் இறங்காது, மழைச் சத்தமும் கேட்காது. கையால் தட்டினால் பலகையைத் தட்டுவது போல் இருக்கிறது. விலை நூற்றைம்பது. முப்பத்து மூவாயிரம் ரூபாய்க்குக் கூரை போட்டு எந்த வாடகைக்காரனை ராஜா மாதிரி வைக்கப்போகிறேன்? நோட்டில் குறித்துக்கொண்டதோடு சரி.

ஆடி 23, வெள்ளி

ஏழாவது கடைக்குப் போய்வந்து, சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, இந்த நோட்டைத் திறந்தேன். உலகம்மாள் காபியை மேசையில் வைத்தாள். வைத்த வேகத்தில் பாதி சாஸரில்.

"தகரத்துக்கு ஏழு கட ஏறி எறங்குதிய. வெயில்ல வச்சுப் பாக்கிய, தண்ணி ஊத்திப் பாக்கிய. மாப்பிள்ளைக்கு எத்தன கட பாத்திய?"

நான் நோட்டின் பக்கத்தைப் புரட்டினேன்.

"தரகர் வந்தாரு. பத்துப் பொருத்தத்துல ஒம்பது இருக்குன்னாரு. நீங்க போயி வீட்டப் பாத்துட்டு வந்து, சொந்த வீடு, மேல கான்கிரீட்டுன்னிய. அந்த ஒரு மணி நேரந்தான். அந்த வீட்டுக்குள்ள இருக்கவனத் தட்டிப் பாத்தியளா?"

"நீயும்தான சரின்ன?"

"ஆமா, சொன்னேன். அதான் வயிறு எரியுது" என்று அழுதாள். "ஒண்ணாந் தேதி அனுப்புதேன்னு வாக்குக் குடுத்திட்டு, இப்ப வாடகைக்கு விடப்போறேன் வாடகைக்கு விடப்போறேன்னு ஊரச் சுத்துதிய. கழுவுற மீன்ல நழுவுற மீன் நீங்க. அவகிட்ட ஒரு வார்த்த கேளுங்க."

அவள் சொன்னதை அப்படியே எழுதிவைத்திருக்கிறேன், மாற்றவில்லை. காபி ஆறிப்போனது. எனக்குக் கோபம் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. வெளியே போய் மொபெட்டைத் துடைத்தேன். துடைத்த மொபெட்டையே இன்னொரு முறை துடைத்தேன்.

ஆடி 24, சனி

கேட்கலாம் என்று இரண்டு முறை ஹாலுக்குப் போனேன். ஒரு முறை கொசுவத்தி எங்கே என்று கேட்டேன். இன்னொரு முறை அதுவும் கேட்கவில்லை.

ஆடி 26, திங்கள்

காலையில் காற்று பலம். அடுப்படிப் பின்கதவு படீரென்று அடித்தது. குழலி அருவாமனையில் அவரைக்காய் அரிந்துகொண்டிருந்தவள், உடம்பு மொத்தமும் தூக்கிப்போட்டு, கையைப் புடவைக்குள் ஒளித்துக்கொண்டாள். அருவாமனை சாய்ந்தது. நல்லவேளை காலில் படவில்லை.

பயத்தைப் போக்கலாம் என்று வேடிக்கையாகத்தான் சொன்னேன். "காத்து ஒன்ன விடாது போலுக்கே. விருதுநகர்ல வெரல நசுக்குனது பத்தாதுன்னு இங்கயும் வந்துட்டு."

அவள் அருவாமனையை நிமிர்த்தி வைத்தாள். அடுத்த அவரைக்காயை எடுத்தாள்.

"அங்க காத்தே கிடையாதுப்பா. எதுத்த வீட்டுச் செவரு ரெண்டடில நிக்கி. ஜன்னல் பூரா தெறந்து வச்சாலும் காலண்டர் தாளு அசையாது."

உலகம்மாள் அடுப்பை அணைத்தாள். நான் மாடிக்குப் போய் வாளிகளின் நடுவில் நின்றேன். அந்த வீட்டுக்கு நான் போயிருக்கிறேன். அந்த ஜன்னல் பக்கத்தில்தான் உட்காரவைத்துக் கேசரி கொடுத்தார்கள். புழுக்கத்தில் சட்டை நனைந்து, துண்டால் விசிறிக்கொண்டே கான்கிரீட் மேல்தளத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். காற்றில் கதவு அடித்ததாம். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துகொள்ளாமல் இருக்கத்தான் ஏழு கடை ஏறினேனோ என்று நினைக்க நினைக்க என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

ஆடி 27, செவ்வாய்

பஃப் பேனலுக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன். ஆறாவது கடைக்காரரிடம் ஒரு கிடங்கு வேலையில் மிச்சமான பலகைகள் இருந்தன. நம் அளவுக்கு வெட்டி ஆவணி ஒன்றாம் தேதி காலை இறக்குவார். செய்யதும் அன்றே வருகிறார். ஸ்க்ரூவும் வாசரும் அவர் சொன்ன சரக்கு.

ஏழு கொட்டேஷனில் இதுதான் அதிக விலை. டெப்போவில் இப்படிச் செய்திருந்தால் தணிக்கைக்காரன் என்னைத் தூக்கிச் சாப்பிட்டிருப்பான்.

வீட்டில் "ஷீட் சொல்லியாச்சு" என்றேன். சரிப்பா என்றாள் குழலி. இன்னும் ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். நாக்கு வரை வந்தது. நாளை சொல்லலாம்.

ஆடி 29, வியாழன்

சம்பந்திக்கு இரண்டு முறை நம்பரைப் போட்டு, மணி அடிக்கும் முன்பே வைத்துவிட்டேன்.

ஆடி 31, சனி

நாளை ஆவணி. குழலி தன் துணிகளையெல்லாம் துவைத்து மடித்துவைத்தாள். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

ஆவணி 1, ஞாயிறு

ஆத்திரமும் களைப்புமாக இருக்கிறது. வரிசையாக எழுதிவிடுகிறேன்.

விடியுமுன்பே விழிப்பு வந்துவிட்டது. பலகை இறங்கும்போது பழைய ஷீட் கழன்று தயாராக இருக்கட்டும் என்று ஐந்தரைக்கு ஏணியைச் சாத்தி மேலே ஏறினேன். இருபது வருஷத்துப் போல்ட், துரு ஏறி அசையவில்லை. ஸ்பானரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது கீழே குழலி நின்றாள். குளித்து, சுடிதார் போட்டு, தலை பின்னியிருந்தாள்.

"என்னப்பா பண்ணுதிய?"

"பாத்தாத் தெரியல? ஒன் ரூமுக்குக் கூர மாத்துதேன். சும்மா நிக்காம ஏணியப் பிடி, ஆடுது."

அப்படி வந்துவிட்டது வாயில். ஐந்து நாளாகப் பக்குவம் பார்த்துக்கொண்டிருந்த வாக்கியம் போல்ட் கழற்றுகிற எரிச்சலில் வந்துவிட்டது. அவள் தெருப்பக்கம் ஒரு முறை பார்த்தாள். பிறகு ஏணியைப் பிடித்தாள், இரண்டு கையாலும். ஏழு மணிக்குள் நான்கு ஷீட் இறக்கினோம்.

பத்து மணிக்குக் கார் வந்தது. சம்பந்தி, அவர் மனைவி, மாப்பிள்ளை. பூ, பழம், தாம்பாளம். செய்யதும் இன்னொருவரும் மேலே துளை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் பனியனோடு ஏணியில்.

"என்ன அண்ணாச்சி, பொண்ணக் கூப்பிட வந்தா நீங்க கூரைல நிக்கிய?" என்று சிரித்தார் திரவியம். "பத்தரைக்குள்ள நல்ல நேரம். கெளம்பச் சொல்லுங்க."

இறங்கினேன். ஸ்பானரைக் கீழே வைத்தேன்.

"அவ வரமாட்டா" என்றேன்.

"என்ன பேசுதிய? போன்ல அனுப்புதேன்னியள்லா?"

"சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன்."

கார்த்தீசன் அமைதியாகச் சிரித்தார். "நா பேசிக்கிடுதேன் மாமா. ரெண்டு நிமிசம்" என்று மாடிப்படியை நோக்கி நடந்தார். குழலி மேலேதான் இருந்தாள். எங்கள் மாடிப்படி இரண்டரை அடி அகலம். ரிட்டையர் ஆனபிறகு போட்ட தொப்பைக்கு முதல்முறையாக ஒரு பயன் கிடைத்தது. நடுவில் நின்றுகொண்டேன்.

"மேல வேல நடக்கு. ஏறக் கூடாது."

"மாமா, நகருங்க."

"பாத்து. கதவுல வெரலு நசுங்கிரும்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். நான் பார்வையை எடுக்கவில்லை. அந்த அமைதியான சிரிப்பு முகத்திலிருந்து போயிற்று. முதலில் கண்ணைத் தாழ்த்தியது அவர்தான். படிக்கு அந்தப் பக்கம் உலகம்மாள் விறகுக்கட்டை மாதிரி நின்றிருந்தாள். நான் நகர்ந்திருந்தாலும் அவள் நகர்ந்திருக்க மாட்டாள்.

திரவியம் குரலை உயர்த்தினார். "பொட்டப்புள்ளய வீட்டுல வச்சுக்கிட்டா ஊரு என்ன சொல்லும்னு யோசிச்சியளா?"

சுவருக்கு மேலிருந்து பதில் வந்தது. "ஊரு என்னத்தச் சொல்ல? ஊருக்கு ஆனி மாசமே தெரியும்" என்றாள் வடிவக்கா.

கார் போனது. தாம்பாளத்தைத் திருப்பி எடுத்துப்போக மறக்கவில்லை. வடிவக்கா ஒரு செம்பில் மோர் நீட்டினாள்.

"ஒத்தையில, கையில கட்டோட, விடியக்கால பஸ்ல வந்து எறங்குனவள யாரு தம்பி ஆடிக்கு வந்தவன்னு நெனப்பா? நீங்க சொல்லுததக் கேட்டு நாங்களும் தலையாட்டிக்கிட்டு இருந்தோம். பாவம் இந்த மனுசன் எப்ப முழிக்கப் போறாரோன்னு."

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்று மற்றவர்களுக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன். ஒரு மாதமாக நான் மறைத்த ரகசியம் தெருவில் எனக்கு மட்டும்தான் ரகசியம். மோர் நன்றாக இருந்தது.

ஆவணி 3, செவ்வாய்

பலகை வேலை முடிந்தது. செய்யது ஒவ்வொரு ஸ்க்ரூவாகக் கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினார். உள்தாழ்ப்பாள் போட்டாயிற்று. மேலே ஒன்று, கீழே ஒன்று. குழலி உள்ளே போய்ப் பூட்டிப் பார்த்தாள். உடனே திறக்கவில்லை. நாங்கள் வெளியே காத்திருந்தோம்.

நாளைக்கு எலும்பு டாக்டர். திங்கட்கிழமை வக்கீல்.

ஆவணி 5, வியாழன்

சாரல் திரும்பிவிட்டது. மாலையில் மாடி அறைக்கு இரண்டு பேருக்குமாகக் காபி எடுத்துக்கொண்டு போனேன். அறைக்குள் சத்தமே இல்லை, மழை பெய்கிறதா என்று ஜன்னல் வழியே பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. ஊரில் எல்லோரிடமும் சொல்லிக்கொள்ளத் தக்க கூரை. கதவைத் தட்டப் போனபோது உள்ளே அவள் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"இல்லட்டி, நான் வரல. அந்தக் கட்டில வேற யாருக்காவது குடுத்திரு. ஒனக்குத்தான் செரமம்."

தட்டினேன். திறந்தாள். யாரம்மா என்றேன்.

"காலேஜ்ல கூடப் படிச்ச மும்தாஜ்ப்பா. திருப்பூர்ல வேல பாக்கா. அவ ஹாஸ்டல்ல எனக்கு ஒரு எடம் சொல்லி வச்சிருந்தா."

"எப்பச் சொன்ன?"

காபியை வாங்கிக்கொண்டாள். "நீங்க அவியகிட்ட அனுப்பி வைக்கேன்னு போன்ல பேசுன அன்னைக்கு. கொல்லைல துணி காயப்போட்டுட்டு இருந்தேன். நல்லாக் கேட்டுச்சு."

நான் கட்டிலில் உட்கார்ந்தேன்.

"எங்ககிட்டச் சொல்லாமயா?"

"சொன்னா நீங்க அவியகிட்டச் சொல்லிருவியன்னு நெனச்சேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"எப்பப் போறதா இருந்த?"

"ஒண்ணாந் தேதி. ஆறு மணி பஸ்ல தென்காசி போயி, அங்கேருந்து. குளிச்சுக் கெளம்பி வெளிய வந்தேன். நீங்க ஏணில நின்னிய. ஒன் ரூமுன்னு சொன்னிய." ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "அப்பறம் ஏணி ஆடிச்சா, பிடிக்க வேண்டியதாப் போச்சு" என்றாள்.

இரண்டு பேரும் காபி குடித்தோம். பிறகு நான் கீழே வந்து இதை எழுதுகிறேன்.

அன்று நான் ஐந்தரைக்கு ஏணி வைத்ததற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. தூக்கம் வரவில்லை, அவ்வளவுதான். செய்யது எட்டு மணிக்குத்தான் வருவதாகச் சொல்லியிருந்தார். அன்று காலை சாரல் இல்லை. இருந்திருந்தால் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஏழு மணி வரை படுத்திருப்பேன்.